பழைய துப்பாக்கியா, புதிய துப்பாக்கியா? தோளைக் கேளுங்கள்

"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?" என்று நம் வயதுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டால் லேசில் நிறுத்தமாட்டார்கள். தேக்கு அலமாரி, அம்பாசடர் கார், சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம், எதை எடுத்தாலும் பழசுதான் உசத்தி. பிரெஞ்சுக்காரர்களிடமும் இந்தப் பாட்டு உண்டு. "செத்தே மியூ அவான்" என்பார்கள். முன்பெல்லாம் நன்றாக இருந்தது என்று அர்த்தம். எதிர்க்கட்சி நம் வீட்டிலேயே இருக்கிறது. "புது மாடல் வந்தாச்சுப்பா, அதைத் தூக்கிப் போடுங்க" என்பது பிள்ளைகளின் கட்சி. இரண்டு கட்சியும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை என்பது என் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு வேட்டைத் துப்பாக்கி. ஏனென்றால் அங்கே பழசு எது, புதுசு எது என்பதில் குழப்பம் கிடையாது. மாடல் எண்ணே வேறு.

"உனக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சர்வீசில் சில வருடங்கள் ஆயுத லைசென்ஸ் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. ஒரு தோட்டாகூட நான் சுட்டதில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி, என்ன போர், என்ன நம்பர், யார் பெயரில், அவர் காலமான பிறகு யார் பெயரில் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வு பெற்ற பின் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் கழித்தேன். அந்த ஊரில் மான் வேட்டை என்பது நமக்குப் பொங்கல் மாதிரி. நன்றித் திருநாள் முடிந்த திங்கட்கிழமை சீசன் தொடங்கும். பல பள்ளிக்கூடங்களுக்கே அன்று விடுமுறை. 2019-லிருந்துதான் தொடக்கநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மாநிலத்தில் ஒரு சட்டம். விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக் ரைபிளை மான் வேட்டைக்குப் பயன்படுத்தக்கூடாது. 2017-ல் அனுமதிக்கலாமா என்று பேச்சு வந்து, பெரிய விலங்குகளுக்கு வேண்டாம் என்றே முடிவானது. ஆகவே கையால் ஏற்றும் ரைபிள்களில் எது வேகமானதோ அதைத் தேடினார்கள். பம்ப்-ஆக்ஷன் ரைபிள் அங்கே அவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பம்ப் என்றால் நம் ஊர் சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குக் கீழே ஒரு மரப்பிடி. இடது கையால் அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். வலது கை விசையை விட்டு நகர வேண்டாம். கண் குறியை விட்டு விலக வேண்டாம். சாதாரண போல்ட் ரைபிளில் ஒவ்வொரு முறையும் வலது கையை எடுத்துப் பிடியைத் திருக வேண்டும். மரங்கள் அடர்ந்த காட்டில் மான் ஓரிரு நொடிதான் கண்ணில் படும் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

இந்த வகையில் பெயர் பெற்றது ரெமிங்டன் கம்பெனியின் 760 கேம்மாஸ்டர். 1952-ல் வந்தது. நம் புதுவையில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. சுமார் முப்பது வருடம் அந்த மாடல் ஓடியது. பத்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 1981-ல், பிரான்சில் மித்தரான் ஜனாதிபதி ஆன அதே வருடம், அதன் இடத்தில் 7600 என்ற மாடல் வந்தது. இந்த இரண்டில் எதை வாங்குவது என்பதுதான் பென்சில்வேனியாக்காரர்களின் தீராத வழக்கு. மகளின் பக்கத்து வீட்டில் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவர் 760 கட்சி. அவருடைய மகன் 7600 கட்சி. வழக்கு எதற்கு என்றால், பதின்மூன்று வயதுப் பேரனுக்கு எந்தத் துப்பாக்கி என்பதற்கு. அங்கே பன்னிரண்டு வயதில் வேட்டை லைசென்ஸ் எடுக்கலாம். தன்னுடைய 760-ஐப் பேரனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. 7600 வாங்கித் தர வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம்.

முதலில் தாத்தா கட்சியின் வாதங்களைப் பார்ப்போம்.

"பழைய துப்பாக்கி கெட்டி. எழுபது வருடம் ஆகியும் இன்னும் சுடுகிறது." சுடுகிற துப்பாக்கி இன்னும் சுடுகிறது, அவ்வளவுதான். பத்து லட்சத்தில் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போனவை எத்தனை, கட்டை பிளந்து தூக்கிப் போட்டவை எத்தனை என்று யார் கணக்கு வைத்தார்கள்? இன்று கடையில் பளபளவென்று நிற்பது நல்ல வீட்டில் எண்ணெய் போட்டு வைத்திருந்தது. நல்ல பராமரிப்புக்குச் சேர வேண்டிய பெயரை வருடத்துக்குக் கொடுக்கக்கூடாது. தொண்ணூறு வயதுவரை வாழ்ந்த ஒரு பாட்டியைக் காட்டி, அந்தக் காலத்தில் எல்லாரும் தொண்ணூறு வரை இருந்தார்கள் என்று சொல்வதும் இதே கணக்குத்தான். அதே வீட்டில் பிரசவத்தில் போன இரண்டு பெண்களை யாரும் எண்ணுவதில்லை.

"760-ல் பதினான்கு பல், 7600-ல் நான்குதான்." இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்க, தோட்டாவின் பின்னால் நிற்கும் போல்ட் சற்றே திரும்பிக் குழலின் பின்முனையில் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். பாட்டில் மூடி மரையில் பிடிப்பது மாதிரி. 760-ன் போல்ட்டில் அப்படிப் பிடிப்பதற்குப் பதினான்கு சிறிய பற்கள். 7600-ல் அவற்றை நீக்கிவிட்டு நான்கு பெரிய பற்கள் வைத்தார்கள். பதினான்கு நான்கைவிட அதிகம் என்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் பலம் பல்லின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, ஒவ்வொரு பல்லும் எவ்வளவு பெரியது என்பதிலும் இருக்கிறது. இரண்டு மாடலும் அதே .30-06 தோட்டாவையும் .270 தோட்டாவையும் தாங்குகின்றன. வேட்டைக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"லாரி பெனுவா எடுத்தது 760." வெர்மான்ட் மாநிலத்தின் பேர்போன வேட்டைக்காரர் அவர். பனியில் மானின் தடத்தைப் பிடித்து மைல் கணக்கில் நடந்தே போய் வேட்டையாடுவதில் மன்னர். புத்தகமே எழுதினார். அவர் கையில் 760 இருந்தது உண்மை. அவர் பேர் வாங்கிய காலத்தில் 7600 பிறக்கவே இல்லை என்பதும் உண்மை. தடம் பார்க்கும் கண்ணும் நடக்கும் காலும் அவருடையவை. அவர் துப்பாக்கியை வாங்கினால் அவர் கால் கூடவே வராது.

இனி மகன் கட்சி. அவர்களையும் விடுவதாக இல்லை.

"புதுசு என்றால் திருத்தியது, ஆகவே நல்லது." எதைத் திருத்தினார்கள்? பிடியை இழுத்துத் தள்ளும் முறை அதேதான். நான்கு தோட்டா கொள்ளும், கழற்றி மாட்டும் பெட்டி அதேதான். விசைக்குப் பின்னால் குறுக்கே அழுத்தும் பாதுகாப்புப் பொத்தானும் அதே இடத்தில்தான். போல்ட்டின் பற்கள் மாறின, கட்டையின் வடிவத்திலும் சில்லறை மாற்றங்கள். வேறு வேறு ஆட்களின் கையில் கொடுத்து மானைச் சுடச் சொன்னால் வித்தியாசம் ஆளில் தெரியும், மாடலில் தெரியாது.

"பழைய ரெமிங்டன் சிக்கிக்கொள்ளும்." இது ஆள் மாறாட்டம். சிக்கலுக்குப் பெயர் வாங்கியது அதன் உறவுக்காரத் துப்பாக்கியான 742. 1960-ல் வந்த செமி-ஆட்டோமேட்டிக். சுடும் வேகத்தில் போல்ட் தானே பின்னால் பாய்வதால், நாளடைவில் உள்ளே போல்ட் ஓடும் தடங்கள் அடிபட்டுத் தேய்ந்துபோகும். 760-ல் போல்ட்டை நகர்த்துவது மனிதக் கை. அந்த அடி கிடையாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் 742-ன் பாவம் 760-ன் தலையில் விழுந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். திக்தே எழுதும்போது ஒரு எழுத்தின் மேல் போட வேண்டிய கோட்டை விட்டாலும் மதிப்பெண் போகும். அந்த வளர்ப்பில் வந்தவனுக்கு, எண்ணைச் சரியாகப் படிக்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் பொறுக்காது.

"புதுசுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும்." எந்தப் புதுசு? 7600 வந்தே நாற்பது வருடம் தாண்டிவிட்டது. அதைச் செய்த கம்பெனி 1816-ல் தொடங்கியது. 2018-ல் ஒரு முறை, 2020-ல் மறுமுறை திவால் மனு கொடுத்தது. பிறகு துண்டு துண்டாக ஏலம் போனது. தோட்டாத் தொழில் ஒருவருக்கு, துப்பாக்கித் தொழில் இன்னொருவருக்கு. நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்ற ஊரில் இருந்த அதன் பழம்பெரும் தொழிற்சாலையை 2024-ல் மூடியே விட்டார்கள். தாய் வீடு போன பிறகு மூத்த பெண் என்ன, இளைய பெண் என்ன? நல்ல வேளையாக, தோட்டாப் பெட்டி இரண்டு மாடலுக்கும் பொதுவாக விற்கிறது.

இப்படி இரண்டு கட்சியும் வருடக்கணக்கில் வாதாடுகிறார்கள். நானும் பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டே பல நாள் கேட்டேன். ஒருவரும் அந்தப் பையனின் தோளைப் பார்க்கவில்லை.

தாத்தாவின் 760, .30-06 தோட்டா போடுவது. 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா அது. வளர்ந்த ஆளுக்கே தோளில் நன்றாக உதைக்கும். பதின்மூன்று வயதுப் பையன் அதை எடுத்து நாலு முறை சுட்டால் ஐந்தாம் முறை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடியவன் சுட்டால் மான் சாகாது, காயப்பட்டு ஓடும். வேட்டைக்காரர்கள் வெட்கப்படும் விஷயம் இதைவிட வேறு இல்லை. அதோடு, பெரியவரின் கை நீளத்துக்குச் செய்த கட்டை பையனுக்கு எட்டாது. முன்பிடியை முழுவதும் பின்னால் இழுக்காமல் அரைகுறையாக இழுத்தால் தோட்டா நடுவழியில் நிற்கும். அப்பா வாங்க நினைத்த 7600-ம் .30-06-தான்! அப்படியானால் இத்தனை நாள் சண்டை எதற்கு?

.243 என்று ஒரு தோட்டா இருக்கிறது. 1955-ல் வந்தது. சிறிய குண்டு, உதை பாதிக்குப் பாதி என்றே சொல்லலாம். மானுக்குத் தாராளமாகப் போதும். இதில் விசேஷம் என்னவென்றால், 760-ஐயும் .243-ல் செய்திருக்கிறார்கள், 7600-ஐயும் .243-ல் செய்திருக்கிறார்கள். அதாவது, பையனுக்குப் பொருந்துவது பழசிலும் உண்டு, புதுசிலும் உண்டு. பொருந்தாததும் இரண்டிலும் உண்டு. எந்த வருடம் என்ற கேள்வியால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆக, பழசா புதுசா என்று என்னைக் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் யார் சுடப்போகிறார், அவர் தோள் எப்படி, கை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அதற்கேற்ற தோட்டாவை முடிவு செய்யுங்கள். பிறகு, அந்தத் தோட்டாவுக்குரிய துப்பாக்கி எந்த மாடலில் கிடைத்தாலும் அந்த ஒரு துப்பாக்கியைப் பரிசோதியுங்கள். துப்பாக்கி ரிப்பேர் செய்யும் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், தோட்டா உட்காரும் இடத்தின் ஆழத்தைக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் துருவோ குழியோ இருந்தால் சுட்ட தோட்டா ஒட்டிக்கொண்டு வெளியே வராது. தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் சிறு கொக்கி உடையாமல் இருக்கிறதா பாருங்கள். கட்டையில் வெடிப்பு உண்டா, தொலைநோக்கி மாட்டினால் கண் அதன் நேருக்கு வருகிறதா பாருங்கள். முன்பிடி கொஞ்சம் லொடலொடக்கும். அது அந்த வகையின் சுபாவம், பயப்பட வேண்டாம். காட்டில் சத்தம் கேட்கிறதே என்று பலர் உள்ளே துணி ஒட்டிக்கொள்கிறார்கள்.

வருடம் தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. குழலின் இடது பக்கம் சின்னச் சின்ன எழுத்துகள் அடித்திருக்கும். முதல் எழுத்து மாதம். ஜனவரிக்கு பி, பிப்ரவரிக்கு எல், மார்ச்சுக்கு ஏ, ஏப்ரலுக்கு சி, மேக்கு கே என்று போகும். பன்னிரண்டையும் சேர்த்துப் படித்தால் பிளாக் பவுடர், கடைசியில் டிசம்பருக்கு ஒரு எக்ஸ். கரிமருந்து என்று அர்த்தம். அடுத்த எழுத்து வருடம். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இது பார்க்கப் பார்க்க ஆனந்தம். கோப்பில் பெறுநாள் முத்திரை பார்ப்பது மாதிரி. ஆனால் முத்திரைத் தேதியை வைத்து எந்த மனுவுக்கும் நாங்கள் உத்தரவு போட்டதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் போட்டோம்.

"இதெல்லாம் கணக்கு. தாத்தாவின் துப்பாக்கியைப் பேரன் எடுப்பதில் ஒரு பாசம் இருக்கிறதே, அது உனக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் பாசம் பேரன் மேலா, துப்பாக்கி மேலா, தன்னுடைய இளமை மேலா என்று கொடுக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரன் மேல் என்றால் அவன் தோள் தாங்குமா என்று பார்ப்பார். ஐந்து வருடம் பொறுப்பார். பதினெட்டு வயதில் கொடுத்தால் அதே 760 அவனுக்குச் சரியாக இருக்கும். பழைய மரபுதான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த மாநிலத்திலேயே இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கு மட்டும் 1974-லிருந்து தனி மான் சீசன் நடக்கிறது. ஆசைப்பட்டவர்கள் தெரிந்தே போய் ஆடுகிறார்கள். யாரும் அதைப் பிள்ளைகளின் தலையில் கட்டுவதில்லை.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வேட்டை நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்தது. ஆனால் துப்பாக்கி முடியவில்லை. புதுவையில் சில பழைய குடும்பங்களில் சேந்த்-எத்தியேன் நகரத்து மனுஃப்ரான்ஸ் கம்பெனியின் ரொபுஸ்த் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் உண்டு. அந்தக் கம்பெனி 1980-களிலேயே மூடப்பட்டுவிட்டது. ஒரு ஸ்பிரிங் உடைந்தால் ஆள் இல்லை. ஆனாலும், "தாத்தா வைத்திருந்தது" என்று லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் காலமான பிறகு மட்டும் அல்ல, அவருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் மூன்று வைத்திருந்த இடத்தில் இரண்டுதான் வைத்திருக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எழுபது தாண்டியிருக்கும். பீரோவில் துப்பாக்கி இருப்பவர்கள் இப்போதே பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்கு இது வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாமல் விற்கவோ ஒப்படைக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் போன பிறகு, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று தெரியாமல் அந்தப் பிள்ளை படியேறி இறங்க வேண்டாம். அப்படி ஏறி இறங்கியவர்களை நான் மேசைக்கு அந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழசை மதிக்கலாம், எண்ணெய் போட்டு வைக்கலாம், அதன் கதையைச் சொல்லலாம். அடுத்தவர் தோளில் வைக்கும் முன் மட்டும் அந்தத் தோளைக் கேட்டுவிடுங்கள். துப்பாக்கிக்கு மட்டும் இல்லை, தேக்கு அலமாரிக்கும் இதுதான் என் தீர்ப்பு. மறுப்பவர்கள் எழுதுங்கள், பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.